முள் நடுவுக்கு வரட்டும்

பழைய புல்லட் 350-ஐ ஆத்திரத்தில் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்ததில் வந்த திருவொற்றியூர் வண்டிக்கு அவசரம் ஆகாது. கிக்கரை மெல்ல அழுத்தினால் இக்னிஷன் பாயின்ட் திறந்ததும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, ஒரே உதை.

கிளம்பவில்லையா? மெக்கானிக் பாயின்ட் இடுக்கில் சிகரெட் தாளைச் செருகுவார். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் தாள் நழுவினால் டைமிங் சரி. அடுத்து பிளக்: கரியென்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காபி நிறமென்றால் கார்புரேட்டர் கச்சிதம். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி, காதைச் சாய்த்து, "இப்ப உதைங்கண்ணே" என்பார். டுப்... டுப்... இடைவெளியில் ஒரு வாய் டீ குடிக்கலாம்.