போரின் பக்கமிருந்து சாலிஞ்சர்

ஜே. டி. சாலிஞ்சர் 1951இல் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலால் புகழடைந்தார். 1953இல் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். 1965 ஜூனில் 'நியூ யார்க்கர்' இதழில் ஒரு கதை வந்தது. அதன்பிறகு, 2010இல் 91ஆம் வயதில் இறக்கும்வரை புதிதாக எதையும் அவர் அச்சுக்குத் தரவில்லை. இந்த மௌனத்தைத் துருவியவர்களில் பலர் கதைகளை அதற்கான தடயங்களாக மட்டுமே படித்தார்கள். அவருக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுதான்.

வாழ்க்கை வரலாற்றை முதலில் எழுத முனைந்தவர் இயன் ஹாமில்டன். தன் கடிதங்களைப் பயன்படுத்தக் கூடாதென்று சாலிஞ்சர் வழக்குத் தொடுத்து 1987இல் மேல்முறையீட்டில் வென்றார். ஹாமில்டனின் நூல் மறு ஆண்டு வந்தபோது, பெரிதும் அந்தத் தேடலையும் வழக்கையும் பற்றியதாகிவிட்டது. ஜாய்ஸ் மேனார்டின் நினைவுக்குறிப்பு 1998இல் வெளியானது. 1972இல் சாலிஞ்சரோடு உறவு தொடங்கியபோது மேனார்டுக்கு வயது 18, அவருக்கு 53. ஆனால் மதிப்புரையாளர்கள் பலர் மேனார்டைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். சாலிஞ்சரின் மகள் மார்கரெட்டின் நூலோடு (2000) சேர்த்து மேனார்டின் நூலை இன்று நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தப் பெண்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டுச் செய்யும் மறுமதிப்பீடு நேர்மையானதாக இராது.

கதைகளுக்குள் போக எனக்கு வழிகாட்டியது கென்னத் ஸ்லாவென்ஸ்கி எழுதிய சாலிஞ்சரின் வாழ்க்கை வரலாறு. அதில் போர்க்காலம்தான் கனமான பகுதி. 4ஆம் காலாட்படைப் பிரிவோடு 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கியவர் சாலிஞ்சர். ஹுர்ட்கன் காட்டுப் போரின் கொடுமையைக் கண்டவர். போர் முடிந்ததும் மனம் தளர்ந்து நியூரம்பர்க் மருத்துவமனையில் சேர்ந்தவர். இதை அறிந்தபின் 'நைன் ஸ்டோரீஸ்' (1953) தொகுப்பு வேறொரு நூலாகத் தெரிகிறது. எஸ்மே என்ற சிறுமியைப் பற்றிய கதை தன்மையில் தொடங்குகிறது. போர் ஓய்ந்த பவேரியாவுக்கு வந்ததும் படர்க்கைக்கு மாறுகிறது. நொறுங்கிப்போன ஒருவனால் தன்னை 'நான்' என்று சொல்ல முடியவில்லை. சண்டைக்காட்சி ஒன்றுகூட இல்லாத கதை அது. இருந்தும் அமெரிக்கப் போர் இலக்கியத்தின் முன்வரிசையில் அதை நான் தயங்காமல் வைப்பேன்.

கிளாஸ் என்ற கற்பனைக் குடும்பத்தைப் பற்றிய பிந்தைய கதைகளை விமர்சகர் மேரி மெக்கார்த்தி கடுமையாகச் சாடினார். ஜேனட் மால்கம் 2001இல் அவற்றுக்காக வாதாடினார். நான் மால்கம் பக்கம், 'ஹாப்வொர்த்' நீங்கலாக: ஏழு வயதுச் சிறுவனின் கடிதமாக வரும் அந்தக் கடைசிக் கதையின் பாரத்தை அந்தக் குரலால் தாங்க முடியவில்லை. சுவாமி நிகிலானந்தரின் நியூயார்க் மையத்தோடு சாலிஞ்சருக்கு இருந்த தொடர்பும், கதைகளில் வரும் வேதாந்தமும் அலங்காரமென்று தள்ளப்பட்டன. போரில் பிழைத்தவன் மேலே வாழ்வதற்குத் தேடிய வழியாகவே நான் அவற்றைப் படிக்கிறேன்.

தந்தை இறுதிவரை எழுதினார் என்றும் அந்த எழுத்துகள் வெளிவரும் என்றும் மகன் மேட் சாலிஞ்சர் 2019இல் உறுதிசெய்தார். அந்தப் பக்கங்கள் வரும்போது, ஏன் ஒளிந்தார் என்ற பழைய கேள்வியோடு திறக்கக் கூடாது. நியூரம்பர்க்கில் உடைந்தவரால் பின்னர் போரை நேரடியாக எழுத முடிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.