குழல் நீளமும் மூன்று மரபுகளும்

நம் வட்டத்தின் மலருக்குக் குழல் நீளத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. டெக்சஸ் வந்து சேர்ந்த தமிழர்களில் சிலர் கிரிக்கெட்டுக்குக் கூடினார்கள், சிலர் பாட்டுக்குக் கூடினார்கள். நாம் பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்காகக் கூடினோம். இந்த வட்டத்தை உருவாக்கிய மூத்தவர்கள் மூவரும் மூன்று நீளங்களின் கட்சிக்காரர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களில் எவர் மனமும் கோணாமல் எழுதப் பார்க்கிறேன். ஆனால் நான் 7½ அங்குலப் பள்ளியில் பயின்றவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

1873, வில்லியம் மேசன், ஹார்ட்ஃபோர்டு ஆலை, ராணுவ ஒப்பந்தம் என்று அடியிலிருந்து தொடங்கப் போவதில்லை; அவை உறுப்பினர்களுக்குப் பாடம். குதிரைப்படைக்கு 7½, பீரங்கிப்படையின் பெயரால் வழங்கும் 5½, ஊருக்குள் இடுப்பில் சுமப்பவனுக்கு 4¾ என்று கோல்ட் கம்பெனியின் மூன்று நீளங்களும் மூன்று வகை வாழ்க்கையிலிருந்து வந்தவை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். எந்த நீளம் அழகு என்ற கேள்வி அவர்களில் யாருக்கும் எழவில்லை. 40 கிரெய்ன் கருமருந்தையும் 255 கிரெய்ன் ஈயத்தையும் அடைத்த .45 தோட்டாவுக்கு மருந்து எரிந்து முடிய நீளம் தேவைப்பட்டது. குதிரைமேல் இருந்தவனுக்கு நீளக் குழல் தொந்தரவும் இல்லை. தேவை மாறியதும் நீளம் மாறியது.

குட்டைக் குழல் மரபின் பெருமைக்கு ஒரு கடிதம் போதும். 1885இல் டாட்ஜ் சிட்டியிலிருந்து பேட் மாஸ்டர்சன் கோல்ட் கம்பெனிக்கு எழுதிய ஆர்டர் இன்றும் இருக்கிறது. குழல் எஜெக்டர் அளவுக்கே இருக்கட்டும், முன் சைட் வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிமனாகவும் இருக்கட்டும் என்று கேட்கிறார். துப்பாக்கியை நம்பிப் பிழைத்த மனிதர் அதை எவ்வளவு யோசித்து வாங்கியிருக்கிறார் பாருங்கள். குழலைக் குறைக்கச் சொன்னவர் சைட்டையும் மறக்கவில்லை. பின்னாளில் ஜெனரலான பேட்டன் 1916இல் வாங்கி, தந்தப் பிடியோடு போர்க்களம் வரை சுமந்த கோல்ட்டும் இந்த 4¾ நீளம்தான். இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் ஏறி இறங்க, வேலி தாண்ட, நாள் முழுக்கச் சுமக்க இதற்கு இணை இல்லை என்று நம் மூத்தவர் ஒருவர் சொல்லும்போது எனக்கு எதிர்வாதம் கிடையாது. சுமப்பதுதான் முதல் வேலை என்றால் 4¾தான் சரி.

நடு நீளத்தின் மரபு வேறு வகை. அதன் மூலபுருஷர் ஐடஹோவின் எல்மர் கீத் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1929இல் அமெரிக்கன் ரைபிள்மேன் இதழில் தன்னுடைய ஐந்தாம் எண் கோல்ட்டை அவர் உலகுக்குக் காட்டினார். .44 ஸ்பெஷல், 5½ அங்குலக் குழல், மாற்றியமைத்த பிடி, திருத்திக்கொள்ளும் சைட், விலகி விழாத பேஸ் பின் என்று பழைய கோல்ட்டின் பலவீனங்களை ஒவ்வொன்றாகக் களைந்த கருவி அது. அவரே வடிவமைத்த 250 கிரெய்ன் ஈயக் குண்டை இன்றும் அச்சில் வார்க்கிறோம். நெடுந்தூரத்துக்கு முன் சைட்டைப் பின் சைட்டின் பள்ளத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்துச் சுடும் முறையைப் பரப்பியவரும் அவரே. கால் நூற்றாண்டு அவர் விடாமல் வற்புறுத்தியதன் பலனாகத்தான் ஸ்மித் அண்ட் வெஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. அந்தப் பள்ளியின் மூத்தவர் நம்மிடையே இருக்கிறார். வார்த்த ஈயத்தின் சூடு ஆறும் முன்பே அதன் எடையைச் சொல்லக்கூடியவர். அவர் முன்னிலையில் கீத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

வயோமிங் கிளையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். டிக் கேசுல்லின் .454, 1983இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் வெளியிட்ட ஐந்து அறை ரிவால்வர், ஜான் லைன்பாவின் .500, .475 ஆகியவை எல்லாம் பொறியியல் சாதனைகள். குழலுக்கு நேராக ஒவ்வொரு அறையையும் அந்தந்தச் சட்டத்திலேயே வைத்துத் துளையிடும் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் வேலையின் துல்லியம் வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் அவ்வளவு உதைப்பு நம்மில் பலருக்குத் தேவைப்படாது. .45 கோல்ட்டின் 255 கிரெய்ன் ஈயம் விநாடிக்குச் சுமார் 860 அடி வேகத்தில் போனாலே டெக்சஸ் மானுக்கு, கிட்டத்தில் நின்று சரியான இடத்தில் சுடுபவனுக்கு, அது போதும்.

இனி எங்கள் பள்ளி.

என் வாத்தியார் மேற்கு டெக்சஸில் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே வாழ்ந்தவர். துப்பாக்கி பழுது பார்ப்பது அவர் தொழில். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. மூத்த உறுப்பினர்களுக்கு யாரென்று தெரியும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு .45 கோல்ட், 7½ அங்குலக் குழல், நிலையான சைட். ரூகர் 1973இல் டிரான்ஸ்ஃபர் பாரைக் கொண்டுவந்த பிறகு ஆறு அறையும் நிரப்பலாம் என்று ஆனது. ஆனாலும் ரூகரைக் கொடுத்தால்கூட ஒன்றை நிரப்பி, ஒன்றை விட்டு, நான்கை நிரப்பி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வெற்று அறைமேல் மெல்ல இறக்குவார். எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பழைய ரூகர் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கம்பெனி பழைய மாடல்களுக்கு டிரான்ஸ்ஃபர் பாரை இலவசமாகப் பொருத்தித் தருகிறது. செய்துகொள்ளாதவர்கள் ஐந்துக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

அவர் முன் சைட்டை அராவுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நிலையான சைட் உள்ள கோல்ட் தாழ்வாகச் சுட்டால் அவர் மகிழ்வார். உலோகம் இருக்கிறது, அராவி எடுக்கலாம். உயரச் சுட்டால்தான் சங்கடம். 25 கஜம் என்பது 900 அங்குலம். இரண்டு சைட்டுக்கும் இடையே 6 அங்குலம் இருந்து, குண்டு 3 அங்குலம் தாழ்வாக விழுந்தால், 6ஐ 3ஆல் பெருக்கி 900ஆல் வகுக்க வேண்டும். அங்குலத்தில் நூறில் இரண்டு பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரை அவர் ஒரே மூச்சில் எடுக்க மாட்டார். குழல் வாயில் துணியை அடைத்து, மெல்லிய அரத்தால் நாலைந்து இழுப்பு இழுப்பார். மெழுகுவர்த்திப் புகையில் காட்டி முன் சைட்டைக் கறுப்பாக்குவார். துணியை எடுத்துவிட்டு ஐந்து தோட்டா சுடுவார். இலக்குக் காகிதத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். மறுபடி இரண்டு இழுப்பு. கடைசி நூலளவை எப்போதும் விட்டுவைப்பார். வெயில் காலத்திலும் குளிர் காலத்திலும் சுட்டுப் பார்த்த பிறகே அதைத் தொடுவார். பக்கவாட்டில் விலகினால் சைட்டை வளைக்க மாட்டார், குழலையே சட்டத்துக்குள் மயிரிழை திருப்புவார். இத்தனையும் ஒரே வகைத் தோட்டாவுக்கு. குண்டின் எடையை மாற்றினால் குறி மாறும். துப்பாக்கி உதைத்து எழத் தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. கனமான, மெதுவான குண்டு பிந்தி வெளியேறுவதால் உயரப் போகும். அதனால் முதலில் தோட்டாவை முடிவு செய், பிறகு அரத்தை எடு என்பார்.

7½ ஏன் என்று கேட்டால் அவர் சொன்னது எளிய கணக்கு. 4¾ குழலில் சைட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 6 அங்குலம் என்றால், 7½ குழலில் எட்டரையை ஒட்டி வரும். சைட்டைப் பொருத்துவதில் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு பிசகினால், 100 கஜத்தில் குட்டைக் குழல் 6 அங்குலம் தள்ளிப் போகும், நீளக் குழல் நாலே கால் அங்குலம்தான் போகும். முன்பக்கக் கனம் குழல் வாய் எகிறுவதையும் அடக்கும். கொஞ்சம் வேகமும் கூடும், ஆனால் அதை அவர் பெரிதாகச் சொன்னதில்லை. 1959இல் ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கை .44 மேக்னத்துக்காகக் கொண்டுவந்தபோது 7½ அங்குலக் குழலோடு கொண்டுவந்தது தற்செயல் அல்ல. அதன் சதுரமான விசைக்காப்பு நடுவிரல் முட்டியைக் கடிக்கும் என்பது உண்மை; கடிபட்ட உறுப்பினர்கள் பிஸ்லி பிடிக்கு மாறியதில் தவறில்லை. இன்னும் நீளம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயாட் அர்ப்பின் 12 அங்குலப் பன்ட்லைன் கதை 1931இல் வெளியான ஒரு புத்தகத்தால் பரவியது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. கதையை நம்பி நீளத்தை வாங்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நீளம் மட்டுமல்ல. .45 கோல்ட் என்றால் ஒரு .452 ஈயக் குண்டைக் கையோடு கொண்டுபோங்கள். தோட்டா இல்லாத சிலிண்டரைக் கழற்றி, ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் அதை வைத்து அழுத்திப் பாருங்கள். விரல் அழுத்தத்துக்கு இறுக்கமாக நழுவி இறங்கினால் நல்லது. தானாக விழுந்தால் வாய் பெரிது, துல்லியம் வராது. இறங்க மறுத்தால் சிறிது. அதைச் சரிசெய்ய நல்ல கைகள் இருக்கின்றன. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது மனத்தில் கிடப்பதைச் சொல்லியாக வேண்டும். யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. இந்த வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களைத்தான் சொல்கிறேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 7½ அங்குலக் குழலை வாங்கிய சில மாதங்களில் அறுத்து 4¾ ஆக்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. ஒரு கடையில் என் கண் முன்னாலேயே ஒன்று நடந்தது. பழைய கோல்ட், நீலம் மங்கிய நல்ல குழல். அறுத்து, முனையைத் தேய்த்து, புது முன் சைட்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். குழலின் மேல் இருந்த ஹார்ட்ஃபோர்டு முகவரி, நீளக் குழலுக்காக அளந்து பொறித்த எழுத்து, இப்போது நடுவில் இல்லாமல் ஓரத்தில் தள்ளிக் கிடந்தது. அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் அந்தத் துப்பாக்கியின் வரலாற்றை மூடி மறைக்க முடியாது. ஒட்டிய சைட்டோ பழைய உயரத்திலேயே இருந்தது. இடைவெளி குறைந்த பிறகு அதே உயரம் என்றால் தாழ்வாகத்தான் சுடும். மாஸ்டர்சன் 1885இலேயே சைட்டின் உயரத்தைத் தனியே குறிப்பிட்டார்; கணினி வைத்திருக்கும் கைகள் அதை யோசிக்கவே இல்லை. தாழ்வாகச் சுடுகிறது என்று அடுத்த மாதமே அதை விற்றும்விட்டார்களாம்.

அறுப்பது ஒரு குழலோடு நிற்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அறுப்பவர் அராவுவதில்லை. அராவாதவர் ஒரே தோட்டாவில் நிலைத்து நிற்பதில்லை. நிலைக்காதவருக்கு ஈயம் வார்க்கும் பொறுமை எங்கிருந்து வரும்? பெட்டியில் கிடைத்ததைச் சுடுகிறார். ஏழு கஜத்தில் இலக்கைத் தொங்கவிட்டு, கிழிந்த காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார். 100 கஜத்தில் நின்று ஒற்றைக் கையால் சுடச் சொன்னால் சிரிக்கிறார். உறையின் தோல் வேலைப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிந்தவருக்குத் தன் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று தெரியவில்லை. இளையவர்கள் இதையே மரபு என்று நினைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். சொல்லித் தர வேண்டியவர்களும் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில் அரம் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். நிலையான சைட் என்பதே குறையுள்ள சரக்கு என்று எழுதி வைப்பார்கள். ஒன்றரை நூற்றாண்டு தாங்கிய கருவியை ஒரு ரம்பம் தோற்கடிக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நான் மிகையாகச் சொல்லவில்லை.

ராணுவமே அறுத்ததே என்று நடு நீளப் பள்ளியின் மூத்தவர் கேட்பார். உண்மைதான். 1895 முதல் குதிரைப்படையின் பழைய 7½ ரிவால்வர்களைப் பிரித்து, பழுது பார்த்து, 5½ ஆக அறுத்தார்கள். எண்கள் ஒன்றோடொன்று கலந்ததும் அப்போதுதான். பிலிப்பைன்ஸ் சண்டையில் .38 கைவிட்டபோது அந்த .45 ரிவால்வர்கள்தான் கைகொடுத்தன. ஆனால் அது ஆலையில், அளவு வைத்து, ஒரு படையின் தேவைக்காகச் செய்த வேலை. தன் கைத் துப்பாக்கியைச் சுட்டுப் பழகும் முன்பே அறுப்பவருக்கு அந்த உதாரணம் பொருந்தாது என்று மிகப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

4¾ வேண்டும் என்பவர் 4¾ஆகவே வாங்கட்டும். கோல்ட்டில் அது கிடைக்கிறது, ரூகரில் 4⅝ கிடைக்கிறது, இரண்டும் அந்த நீளத்துக்கென்றே செய்த சைட்டோடு வருகின்றன. கையிலிருக்கும் 7½ பிடிக்கவில்லையென்றால் ரம்பத்தைத் தேடும் முன் நம் வட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. யாரும் இல்லையென்றால் நான் வாங்கிக்கொள்கிறேன்.