திண்மையா, விரிவா? - தொடக்கநூலின் ‘ராக்கியா’வும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

முன்னுரை

கிறித்தவ நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான உறவைப் போராகக் காட்டும் நோக்கினை டிரேப்பர் (1874), வைட் (1896) ஆகியோரின் நூல்கள் பரப்பின. அறிவியல் வரலாற்றறிஞர் பலர் இன்று இந்நோக்கினை ஏற்பதில்லை. எனினும் அவ்வுறவு நிகழும் களங்களுள் மொழிபெயர்ப்பும் ஒன்று என்பது போதிய கவனம் பெறவில்லை. தொடக்கநூல் (ஆதியாகமம்) முதல் அதிகாரத்தில் மேல்நீரையும் கீழ்நீரையும் பிரிப்பதாக வரும் ‘ராக்கியா’ என்னும் எபிரேயச் சொல்லைக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

சொல்லின் வரலாறு

இச்சொல்லின் வேர் ‘தட்டிப் பரப்புதல்’ எனப் பொருள்படும். யாத்திராகமம் 39ஆம் அதிகாரத்தில் பொன்னைத் தகடாக அடிப்பதற்கும் இவ்வேர்வினையே வருகிறது. ஆகவே பரப்பு, திண்மை ஆகிய இரு பொருட்கூறுகளுக்கும் இதில் இடமுண்டு. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு ‘ஸ்டெரெயோமா’ என்றும், இலத்தீன் வுல்காத்தா ‘ஃபிர்மாமெந்தும்’ என்றும் பெயர்த்தன. இரண்டும் திண்மையையே முன்னிறுத்துவன. இப்பெயர் வானம் அசையாதது எனக் கொள்ளக் கட்டாயப்படுத்தவில்லை என்று அகுஸ்தீனார் விளக்க நேர்ந்ததற்குக் காரணம் மொழிபெயர்ப்புச் சொல்லே.

16ஆம் நூற்றாண்டில் எபிரேய மூலத்தை நேரே கற்றோர் ‘விரிவு’ என்னும் பொருளை முன்வைத்தனர். தொலைநோக்கிக்கு முந்தைய இம்மாற்றத்தை அறிவியலுக்குப் பணிந்த செயலாகக் கருதவியலாது. இது மொழியாராய்ச்சியின் விளைவு. கால்வின் தம் தொடக்கநூல் உரையில் (1554), மறைநூல் பொதுமக்களின் கண்ணுக்குத் தோன்றியவாறே பேசுகிறது எனவும், வானியலை வேறிடத்தில் கற்க வேண்டும் எனவும் கொண்டார். கலிலேயோ 1615இல் கிறிஸ்டினா அம்மையாருக்கு எழுதிய மடலிலும் இதையொத்த வாதமே அமைந்தது. ஆயினும் 1633இல் அவர் தண்டிக்கப்பட்டார்.

தமிழ்ப் பெயர்ப்புகள்

1871ஆம் ஆண்டுப் பதிப்பின்வழி இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆகாயவிரிவு’ என்கிறது. இச்சொல் அழகியது, ஆனால் பொருள்நிலையில் நடுநிலையானதன்று. தமிழ் மரபில் ஆகாயம் ஐம்பூதங்களுள் ஒன்று. பிறவற்றுக்கு இடந்தரும் வெளி. வெளி நீரைத் தாங்குமா என்ற கேள்வி எழாதவாறு மூலத்தின் உலகப்படிமம் இங்கே கரைந்துவிடுகிறது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பின் ‘வானம்’ என்னும் சொல்லோ தமிழில் மழையையும் குறிப்பது. அதனால் மேல்நீர் எளிதில் மேகமாகிவிடுகிறது.

பழைய மொழிபெயர்ப்பு பிறவிடங்களில் இவ்வாறு செய்யவில்லை என்பது நோக்கத்தக்கது. யோபு 37ஆம் அதிகாரத்தில் வானத்துக்குக் ‘கெட்டியான’ என்னும் அடை வருகிறது. வெள்ளக் கதையில் வானத்துக்கு ‘மதகுகள்’ உள்ளன. ஏரிப்பாசனம் அறிந்த தமிழர்க்கு நீரைத் தடுத்து நிறுத்தும் கரையின்றி மதகு இல்லை. எனவே தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் மறைந்த படிமம் ஏழாம் அதிகாரத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது.

மதிப்பீடு

வழிபாட்டில் பயிலும் நூல் தடையின்றி விளங்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் மூலத்தை இன்றைய அறிவியலுக்கு இசைவாக்குவது மொழிபெயர்ப்பாளர் பணியன்று. ‘விரிவு’ என்பதைக் கண்டு, 1929இல் ஹபிள் வெளியிட்ட சான்றுகள் உணர்த்திய அண்ட விரிவை மறைநூல் முன்னரே கூறிவிட்டது என வாதிடுவோர்க்கு இத்தகைய பெயர்ப்பு துணையாகிறது. ஒரு காலத்தில் ‘திண்மை’ என்னும் சொல் கிரேக்க வானியலோடு பிணைக்கப்பட்டது. இன்று ‘விரிவு’ என்னும் சொல் இக்கால அண்டவியலோடு பிணைக்கப்படுகிறது. பிழை ஒன்றே. அறிவியல் கொள்கை மாறுந்தோறும் சொல்லும் மாற வேண்டிய நெருக்கடி இதனால் உண்டாகும்.

முடிவுரை

பண்டைய உலகப்படிமத்தை மறைப்பதால் நம்பிக்கை காக்கப்படுவதில்லை. அதனை வெளிப்படுத்துவதால் அறிவியல் குறைவுபடுவதுமில்லை. ‘விரிவு’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டு, தகடாகப் பரப்பப்பட்டது என்னும் பொருளை அடிக்குறிப்பில் தருவது நேர்மையான வழியாகும். நம்பிக்கையும் அறிவியலும் உரையாட வேண்டுமெனில், மூலம் கூறியது யாது என்பதை இரு சாராரும் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்கச் செய்வதே மொழிபெயர்ப்பாளரின் கடன்.