பொம்மைச் சிப்பாய்க்கு எத்தனை குண்டு?

மெல் கிப்சன் நடித்த 'தி பேட்ரியாட்' (2000) படத்தை டி.வி.யில் துண்டு துண்டாகவாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்க சுதந்திரப் போர். தெற்குக் கரோலினாவில் ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விவசாயம் பார்க்கும் பெஞ்சமின் மார்ட்டின், 'எனக்கு எதுக்குய்யா சண்டை?' என்று ஒதுங்கியே இருக்கிறார். பிரிட்டிஷ் கர்னல் ஒருவன் அவர் மகன் தாமஸை வீட்டு வாசலிலேயே சுட்டுத் தள்ளுகிறான். அப்புறம் என்ன, நம்மூர் ஹீரோ அரிவாளை எடுப்பார், இவர் கோடாலியை எடுக்கிறார்.

வரலாறு என்று பார்த்தால் படம் தேறாது. மார்ட்டினின் நிலத்தில் வேலை செய்யும் கறுப்பர்கள் அடிமைகள் இல்லையாம், கூலி வாங்கும் சுதந்திர மனிதர்களாம். அந்தக் காலத்துத் தெற்குக் கரோலினாவில்! டைரக்டர் ரோலண்ட் எமெரிக், 'இண்டிபெண்டன்ஸ் டே' எடுத்தவர். வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பதிலாக பிரிட்டிஷ்காரர்களைப் போட்டுவிட்டார்.

ஆனால் ஒரு விஷயத்துக்காக இந்தப் படத்தை மன்னிக்கலாம். செத்துப்போன தாமஸ் விளையாடிய ஈயப் பொம்மைச் சிப்பாய்களை அப்பா எடுத்து வைத்துக்கொள்கிறார். ராத்திரி நெருப்பில் அவற்றை உருக்கி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக் குண்டாக்குகிறார். படம் நகர நகர பொம்மைகள் குறைந்துகொண்டே வரும். வசனமே வேண்டாம், வயிற்றைப் பிசையும்.

இங்கேதான் பி.காம். படித்தவன் புத்தி கணக்குக்குப் போகிறது. ஒரு பொம்மைக்கு எத்தனை குண்டு தேறும்?

அது காலிபரைப் பொறுத்தது. காலிபர் என்பது குழல் ஓட்டையின் அகலம், அங்குலக் கணக்கில். .45 என்றால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. அந்தக் காலத்தில் இதையே, 'ஒரு பவுண்டு ஈயத்துக்கு எத்தனை குண்டு' என்றும் சொல்வார்கள். ஈயத்தையும் மருந்தையும் காசு கொடுத்து வாங்கி, காட்டுக்குள் நாள் கணக்கில் தோளில் சுமக்கிறவனுக்கு அந்தக் கணக்குதான் உபயோகம். .45 ரைஃபிளுக்கு ஒரு பவுண்டில் ஐம்பதுக்கு மேல் குண்டு வரும். .54-க்கு முப்பதை ஒட்டி. பிரிட்டிஷ் சிப்பாயின் .75 மஸ்கட்டுக்குப் பதினாலுதான். அகலம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

அப்படியானால் எல்லாரும் சின்ன காலிபரையே வாங்கியிருக்கலாமே? .32 வைத்து அணில் அடிக்கலாம். மான் விழவேண்டும் என்றால் கனமான குண்டு வேண்டும். கனமான குண்டுக்கு மருந்து அதிகம், தோளில் உதையும் அதிகம். ஜெர்மனியிலிருந்து தடிமனான குட்டை ரைஃபிளோடு வந்து பென்சில்வேனியாவில் குடியேறிய கொல்லர்கள், குழலை நீட்டி, ஓட்டையைச் சுருக்கியதில் இந்தச் சிக்கனமும் உண்டு. சுட்டுச் சுட்டு உள்ளே இருக்கும் பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் குழலைக் கடைந்து புதுப் பள்ளம் வெட்டுவார்கள். ஓட்டை பெரிதாகும். அதாவது துப்பாக்கிக்கு வயதானால் காலிபர் கூடும்! உடனே குண்டு அச்சையும் மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அதன் அச்சு தனி. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குண்டு நம் துப்பாக்கிக்குள் இறங்காது, அல்லது லொடலொடக்கும்.

மூத்த மகனை மீட்கப் போகும்போது மார்ட்டின் இரண்டு பொடியன்களின் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் ஒளித்து வைக்கிறாரே, அங்கே எமெரிக் கவனமாகத்தான் இருக்கிறார். துணி சுற்றி இறுக்கமாகக் குண்டை இறக்கும் ரைஃபிளைத் திரும்ப நிரப்ப ஒரு நிமிஷம் ஆகலாம். அதனால் ஆளுக்குப் பல துப்பாக்கி, கடைசியில் கோடாலி. சின்னவன் மிரண்டுபோய் அதற்கப்புறம் அப்பாவையே வேற்று மனிதனாகப் பார்க்கிறான். அருமை.

அந்தக் கவனம் பொம்மைகள் விஷயத்தில் இல்லை. ஒரு பொம்மை 35 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஸ்கட்டுக்கு ஊற்றினால் ஒரே குண்டு, ஒரே வெடியில் போயிற்று. .45 ரைஃபிளுக்கு நாலு. பிள்ளையின் ஞாபகம் நாலு மடங்கு நாள் கையில் இருக்கும். மார்ட்டினிடம் மஸ்கட், ரைஃபிள், பிஸ்டல் எல்லாமே உண்டு. எதன் அச்சில் ஊற்றுகிறார் என்பதில் படத்துக்கு அக்கறையே இல்லை. எதன் அச்சை எடுக்கிறான் என்பதில் அந்த அப்பா எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரிந்திருக்கும்: சீக்கிரம் தீர்த்துவிட நினைக்கிறவனா, தீரவே விடாதவனா?

இடுப்புப் பையைக் கவிழ்த்து மிச்சக் குண்டை அவர் எண்ணுவதாக ஒரே ஒரு ஷாட் போதும். 165 நிமிஷப் படத்தில் பத்து செகண்ட் கிடைக்காமலா போயிருக்கும்?