சரணாகதியும் ஒரு படையெடுப்பும்

பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் பெருமாளும் தாயாரும் சேர்த்தியில் எழுந்தருளியிருக்க, ராமானுஜர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு. இன்றும் அந்நாளில் அங்கே அது சேவிக்கப்படுகிறது. தம்மோடு தம் வழிவந்தோர்க்கும் சேர்த்தே அவர் அடைக்கலம் கேட்டார் என்று பெரியோர் கொள்வர்.

காப்பவன் அவனே என்றால், காக்கப்படுகிறவன் செய்யவேண்டியது ஏதேனும் உண்டா? பின்வந்த ஆசாரியர்கள் பிரிந்தது இந்தக் கேள்வியில்தான். உண்டு என்பது வேதாந்த தேசிகர் பக்ஷம். அவனுக்கு உகந்ததையே எண்ணுவது, உகவாததை விடுவது, காப்பான் என்ற மகாவிசுவாசம், காக்கவேண்டும் என்ற பிரார்த்தனை, வேறு கதியில்லை என்னும் கார்ப்பண்யம் ஆகிய ஐந்து அங்கங்களோடு தன் பாரத்தை அவன் திருவடியில் வைக்கவேண்டும். அது கருணைக்கு விலையன்று, வெறும் வியாஜம். பிள்ளை லோகாசாரியரோ அந்த வியாஜத்தையும் வேண்டவில்லை. இடம், காலம், முறை, அதிகாரி, பலன் எதிலும் நியமம் இல்லை என்கிறது ஸ்ரீவசன பூஷணம். தீட்டோடு சபைக்கு இழுத்துவரப்பட்ட திரௌபதி நீராடிவிட்டா கண்ணனை அழைத்தாள்? ஆபத்தில் தவிப்பவனுக்கு இதைவிட ஆறுதலான வார்த்தை உண்டா என்று தெரியவில்லை.

தாயைப் பற்றும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்ற உவமையோடு பலர் இந்த விசாரத்தை முடித்துவிடுகிறார்கள். அது போதாது. அந்த இருவரும் ஆபத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும்.

1323-இல் டெல்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தது. செய்யவேண்டியது ஒன்றுமில்லை என்ற லோகாசாரியர், தள்ளாத வயதில் அரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். மதுரைப் பக்கத்து ஜோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். தேசிகர், சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை என்ற உரை ஏட்டையும் அவருடைய பிள்ளைகளையும் காத்துக் கர்நாடகத்துச் சத்தியாகாலத்துக்குக் கொண்டுசேர்த்தார் என்கின்றன குருபரம்பரைகள். அங்கங்களை வகுத்துச் சொன்ன அவர், அரங்கத்தின் பயம் நீங்கவேண்டும் என்று அபீதிஸ்தவம் பாடி, அந்த பாரத்தையும் அரங்கனிடமே விட்டார்.

சரணாகதி என்றால் கைகட்டி உட்காருவது என்று எண்ணுவோர்க்கு இந்த இருவருமே பதில். பெருமாளைச் சுமந்தது லோகாசாரியர் தம் ரட்சணத்துக்குச் செய்த உபாயமன்று, கைங்கரியம். ஏட்டைக் காத்த தேசிகரும் தம் சாமர்த்தியத்தை நம்பி அதைச் செய்யவில்லை. அடைக்கலம் புகுந்தவன் உழைக்கிறான்; அந்த உழைப்பைத் தன்னைக் காக்கும் வழியாக எண்ணுவதில்லை. விபீஷணனும் அபயம் பெற்றபின் இலங்கைப் போரில் நின்று போரிட்டவன்தானே. வடகலை, தென்கலை என்ற கலைபேதம் இறுகியதெல்லாம் பிற்காலத்தில். இந்த அளவுகோலில் இரு ஆசாரியர்களுக்கும் வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

விஜயநகரத்தின் கோபணாரியர் 1371-இல் நம்பெருமாளைத் திரும்ப எழுந்தருளப்பண்ணினார். அரங்கத்துக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அதன்பின் மணவாள மாமுனிகள் அதே ஊரில் வாழ்ந்து ஸ்ரீவசன பூஷணத்துக்கு வியாக்கியானம் அருளினார்.