மறைத்த சிரிப்பு, கழற்றிய குழை

பலர் நடுவே ஒருவனைக் கேலி செய்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். கேலிக்கு ஆளானவனும் சேர்ந்து சிரிக்கிறான். அவனுடைய சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது?

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் இந்தச் சிரிப்பைத் தவறவிடவில்லை. நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொன்ன தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது ஒன்று என எள்ளல் இரண்டு வகைப்படும் என்கிறார் பேராசிரியர். உதடு இரண்டிலும் ஒரே மாதிரிதான் விரிகிறது. பல் தெரிவதும் ஒரே அளவுதான். ஒன்றில் இருப்பவன் மேலே நிற்கிறான், மற்றதில் இருப்பவன் விழுந்து கிடக்கிறான். இலக்கண உரை ஒன்றில், அதுவும் போகிற போக்கில், மனிதனை இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்த ஒரு கண் எனக்கு எப்போதும் வியப்புத்தான்.

பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் ஒன்று நிகழ்கிறது. அது நிகழ்ந்தவாறே வெளியில் இருப்பவருக்கும் புலப்படுகிறது. அதுதான் மெய்ப்பாடு. நகையில் தொடங்கி உவகையில் முடியும் எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள், ஆக 32. எண்ணைப் பார்த்தால் வாய்ப்பாடு போலத் தெரியும். உள்ளே போனால் அப்படி இல்லை.

முதலில் கண்ணில் படுவது, அங்கே இல்லாத ஒன்று. அழுதால் முகம் எப்படிக் கோணும், சினந்தால் புருவம் எப்படி நெறியும் என்று இந்த எட்டில் எதற்கும் தொல்காப்பியர் படம் வரையவில்லை. எது பற்றி அந்த உணர்வு வந்தது என்று மட்டும் சொல்கிறார். கண்ணீரைக் கண்டவுடன் அழுகை என்று பெயரிட்டு நகர்ந்துவிடாமல், எந்த அழுகை என்று பின்னால் திரும்பிப் பார்க்க வைக்கிற முறை இது. அழுகைக்கு அவர் சொன்ன நான்கில் இழவுக்கு முதலிடம் இல்லை. இளிவுதான் முதலில் நிற்கிறது: பிறரால் இகழப்பட்டு எளியவர் ஆனதால் வரும் அழுகை. சாவுவீட்டு அழுகை எவருக்கும் புரியும். ஊரே கூடி அதைத் தாங்கிக்கொள்ளும். அவமானப்பட்டவரின் அழுகையைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அது முகம் கழுவிக்கொண்டு வந்துவிடும். அதை முன்னே வைத்தவரின் மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மூன்றாவதாக வருவது அசைவு, முன்பு இருந்த நிலை குலைந்து வேறாகிவிட்ட வருத்தம். வாழ்ந்து கெட்ட வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய பெட்டியைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருப்பாரே, அந்த ஈரம்.

மருட்கை என்னும் வியப்புக்கும் நான்கு உண்டு. புதுமையும் பெருமையும் யாருக்கும் தோன்றக்கூடியவை. சிறுமையையும் சேர்த்திருக்கிறார் பாருங்கள், அங்கேதான் நயம். மலையைக் கண்டு வாய் பிளப்பவனும், எறும்பின் காலைக் கண்டு மூச்சடக்கிக் குனிபவனும் ஒரே உணர்வில்தான் இருக்கிறார்கள். ஒருவன் அண்ணாந்து பார்க்கிறான், ஒருவன் குனிந்து பார்க்கிறான் என்பதால் உடம்பு வேறாகத் தெரிகிறது. உடம்பை மட்டும் படிப்பவர் இந்த இருவரையும் உறவினர் என்று கண்டுபிடிக்க மாட்டார்.

இன்னொன்று. வடமொழி நாட்டிய நூல் தன் எட்டுச் சுவைகளைச் சிருங்காரத்தில் தொடங்கி அடுத்தபடியாகச் சிரிப்பை வைக்கிறது. தொல்காப்பியர் நகையை ஒரு கோடியிலும் உவகையை மறு கோடியிலும் நிறுத்தியிருக்கிறார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று உவகைக்கு அவர் சொன்ன நான்கில் ஒன்றுகூட நகையின் நான்கில் இல்லை. சிரிக்கிறாரே, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிற இடத்தில், இந்த இடைவெளி நம் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

இயலின் உச்சம் இந்த எட்டில் இல்லை என்பது என் எண்ணம். களவுக் காதலில் தலைவியிடம் தோன்றும் குறிகளை நான்கு நான்காக அடுக்கும் பகுதிக்கு வரும்போதுதான் தொல்காப்பியர் மனிதர்களை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று தெரிகிறது. இங்கே காரணம் தெரிந்ததுதான், காதல். அதனால் இப்போது உடம்பைப் பேச வருகிறார். அவன் பார்ப்பதற்கு ஏற்ப அவள் முகம் இசைந்து நிற்கிறது. நெற்றி வியர்க்கிறது. அடுத்து வருவது, சிரிப்பை மறைத்தல். அதற்கடுத்தது, உள்ளம் குலைந்ததைப் பிறர் அறியாமல் காத்தல். முதல் நான்கு குறிகளில் இரண்டு, மறைப்பவை! உணர்வு வெளிப்படுவதைச் சொல்ல வந்த இலக்கணம், ஒளிப்பதையே வெளிப்பாடாக எழுதிவைக்கிறது. ஒன்றுமில்லாதவர் எதை மறைக்கப்போகிறார்? அடக்கிய உதட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறு இறுக்கத்தைக் கண்டவர்தான் இந்த நூற்பாவை எழுதியிருக்க முடியும்.

பிறகு முகத்தை விட்டுவிடுகிறார். கைகள் வருகின்றன. கட்டிய கூந்தல் அவிழ்ந்து விரிகிறது. காதில் இருப்பதில் ஒன்றைக் கை கழற்றுகிறது. அணிந்திருக்கும் வளையையும் மோதிரத்தையும் விரல்கள் முறையாகத் தடவிப் பார்க்கின்றன. உடுத்திய உடை குலைந்து மறுபடி உடுத்தப்படுகிறது. எதற்காக ஒரு குழை மட்டும்? இரண்டையும் கழற்றினால் அது வேலை. உறங்கப் போகிறவர் செய்வது. ஒன்றை மட்டும் கழற்றினால் நோக்கம் இல்லை. கழன்றுவிட்டதென்று தேடவும் செய்யலாம், திரும்ப மாட்டவும் செய்யலாம், அவன் எதிரே இன்னும் சற்று நேரம் நிற்கலாம். நோக்கம் இல்லாத செயலில்தான் உள்ளம் பிடிபடுகிறது. முகத்தைக் காவல் காப்பவர்கள் கையைக் காப்பதில்லை. பேச்சுவார்த்தைக்கு உட்காரும் இடங்களில், மருத்துவரின் அறை வாசலில், தேர்வுக்கூடத்தின் திண்ணையில், இன்றும் நாம் பார்ப்பது இதைத்தானே? கடிகாரப் பட்டையைத் திருகும் விரல், முந்தானை நுனியைச் சுருட்டும் விரல்.

மூன்றாவது நான்கில் கை இடையைத் தடவுகிறது. அணிந்தவற்றைத் திருத்துகிறது. அதன் பின் ஒரு வியப்பான இடம்: தன்னிடம் இல்லாத வலிமையை வருவித்துக்கொண்டு அவள் உறுதியாக நிற்கப் பார்க்கிறாள் என்று உரை விளக்குகிறது. உடனே அடுத்ததாக, இரு கைகளும் தாமாக எழுகின்றன. உறுதி வந்து சேர்ந்த அதே நொடியில் அது கைவிட்டும் போகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்காகவே இந்த இயலைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஒருவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து குரலைக் கெட்டியாக்கிக்கொண்டால், உடையப் போகிறார் என்று அவரை நேசிப்பவர்களுக்குத் தெரியும்.

இப்படிப் பார்ப்பது எல்லோருக்கும் கைகூடுமா? செய்யுளியல் என்னும் இயலில் மெய்ப்பாட்டுக்கு இலக்கணம் சொல்லும் தொல்காப்பியர், ஆராய்ந்து உய்த்துணர வேண்டாமலே பொருள் தானாக வந்து மெய்ப்படுவது என்கிறார். மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பாவிலோ, கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரும் உணர்வுடையவர்களுக்கு அல்லாமல் மற்றவர்களுக்கு இந்த நயம் எட்டாது என்கிறார். இரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. அறிபவருக்கு அது நொடியில் தெரியும். அந்த நொடிக்குப் பின்னால் ஓர் ஆயுள் முழுக்கப் பார்த்த பார்வை இருக்கிறது. செவியையும் சேர்த்துச் சொன்னது அருமை. கண் ஏமாறக்கூடியது. எங்கே ஏமாறும் என்று சங்கப் பாட்டே காட்டுகிறது.

காதல் கொண்ட மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், வளை கழல்கிறது. பெற்ற தாய்க்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிகிறது. குறி ஒன்றைக்கூட அவள் விடவில்லை. பொருளைத்தான் தவறாகக் கொள்கிறாள். முருகன் அணங்கினான் என்று எண்ணிக் குறி கேட்கக் கட்டுப் பார்க்கிறாள், கழங்கு போடச் சொல்கிறாள், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். அச்சத்தின் நிலைக்களன் நான்கில் அணங்கை முதலில் வைத்திருக்கிறார் தொல்காப்பியர். தாய் படித்தது மகளின் உடம்பில் எழுதியிருந்த காதலை அல்ல. தன் நெஞ்சில் இருந்த அச்சத்தை. அன்பு குறைந்ததால் நேர்ந்த பிழை இல்லை இது. அன்பு மிகுந்து அச்சமானதால் நேர்ந்தது. அதனால்தான் அவள்மீது நமக்குக் கோபம் வருவதே இல்லை.

மகளின் தோழிக்கு இரண்டும் தெரியும், மகளின் நோயும் தாயின் அச்சமும். குறுந்தொகையின் 362ஆம் பாட்டில் அவள் வேலனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். ஆட்டுக்குட்டியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவி, இந்தப் பலியைக் கொடுக்கிறாயே, இவளை வருத்திய மலைநாட்டவனின் தார் அணிந்த மார்பும் இதை உண்ணுமா என்கிறாள். நெற்றி வியர்ப்பது காதலின் தொடக்கக் குறிகளில் ஒன்று என்று இலக்கணம் சொல்லியிருக்கிறது. அந்த நெற்றியைத்தான் வேலன் நோய் தீர்க்கத் தடவுகிறான். கேள்வி அவனுக்கு என்றாலும் பேச்சு தாய்க்கு. அருகில் நிற்கும் அவள் காதில் விழ வேண்டும் என்றே சொல்லப்பட்டது. மகளையே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்குக் கண் தராத செய்தியைத் தோழி செவி வழியே கொடுக்கிறாள். நேரே சொன்னால் மகளுக்கு நாணம், தாய்க்குத் தலைகுனிவு. வேலனைக் கேட்பதுபோலக் கேட்டதால் இருவருக்கும் இழுக்கில்லை. தாய் என்ன சொன்னாள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை.