காதால் பார்த்தது

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகும்போது ‘டாக்டர் ஹூ’ கேட்பது என் மாதாந்திர வழக்கம். (அச்சுப்பிழை இல்லை. ‘பார்ப்பது’ அல்ல, கேட்பதுதான்.) ஒரு பாகம் ஏறக்குறைய அரை மணி. ஜன்னலோர ஸீட் கிடைத்து, பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பாகம் முடித்துவிடலாம்.

தெரியாதவர்களுக்கு: ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23-ம் தேதி பிபிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்த விஞ்ஞானத் தொடர். வேற்றுக் கிரகத்து ஆசாமி ஒருவர், வெளியே பார்த்தால் நீல நிற போலீஸ் பெட்டி, உள்ளே போனால் பெரிய மாளிகை என்கிற கால யந்திரத்தில் ஊர் சுற்றுகிறார். சாகும் நிலை வந்தால் உடம்பை மாற்றிக்கொள்வார். அதாவது, நடிகர் விலகினால் கதை நிற்காது. (நம் மெகா சீரியல்களின் ‘இவருக்குப் பதில் இவர்’ கார்டை அவர்கள் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.) 1989-ல் தொடரை நிறுத்தினார்கள். 1996-ல் ஒரே ஒரு டெலிஃபிலிம். 2005-ல்தான் தொடர் திரும்ப வந்தது.

நடுவில் இருந்த வெற்றிடத்தில்தான் நான் சொல்லவந்த விஷயம் நடந்தது. ‘பிக் ஃபினிஷ்’ என்று ஒரு சிறிய கம்பெனி அனுமதி வாங்கி, பழைய டாக்டர் நடிகர்களையே கூப்பிட்டு, 1999-லிருந்து புதிய கதைகளை ஒலி நாடகங்களாக ஸிடியில் போட ஆரம்பித்தது.

இதில் என்ன பெரிய சௌகரியம் என்றால், அட்டை செட் தெரியாது. டிவியில் இந்தத் தொடரின் பரம வில்லனான டாலெக்கைப் பார்த்தால், கவிழ்த்து வைத்த அண்டாவின் முன்னால் சாக்கடை அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பைச் செருகின மாதிரி இருக்கும். சிரிப்புதான் வரும். அதே டாலெக்கின் குரலை மட்டும் இருட்டில் கேட்டுப் பாருங்கள், எழுந்து லைட்டைப் போடுவீர்கள்.

ராபர்ட் ஷியர்மன் எழுதிய ‘ஜூபிலி’ (2003) இதற்கு நல்ல உதாரணம். டாலெக்குகளைத் தோற்கடித்து நூறு வருடம் ஆனதை உலகையே ஆளும் ஓர் இங்கிலாந்து கொண்டாடுகிறது. லண்டன் டவரில் ஒற்றை டாலெக் கைதியாக இருக்கிறது. கட்டளை போட யாருமில்லாத சிப்பாய் அது. கதை போகப்போக, வெளியே விழா நடத்துகிறவர்களைவிட உள்ளே கிடக்கிற ஜந்துதான் தேவலை என்று தோன்ற ஆரம்பிக்கிறது. அரக்கனை ஜெயித்தவர்கள் அரக்கனாக மாறுவதை மனிதக் குரல்களையும் யந்திரக் குரலையும் அடுத்தடுத்துக் கேட்கவைத்தே சொல்லிவிடுகிறார். இதன் கருவை வைத்துத்தான் 2005-ல் டிவிக்கு ‘டாலெக்’ எழுதினார். நன்றாக இருந்தது. ஆனால் என் ஓட்டு ‘ஜூபிலி’க்குத்தான்.

அதில் டாக்டராக வரும் காலின் பேக்கரை எண்பதுகளில் பிபிசி பாதியில் வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு மாட்டிவிட்டிருந்த பல வண்ணக் கோட்டை ரசிகர்களே மன்னிக்கவில்லை. ஒலி நாடகத்தில் கோட்டு தெரியாது. எத்தனை நல்ல நடிகர் அவர் என்பது மட்டும் தெரிகிறது. டாம் பேக்கர் 2012-ல் தன் பழைய டாக்டர் வேஷத்தை ஒலியில் தொடர்ந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. குரலுக்கு மேக்கப் தேவைப்படவில்லை.

எல்லாமே முத்து என்று சொல்லமாட்டேன். வருடக்கணக்காகக் குவித்ததில் பழைய நினைவை மட்டும் விற்கிற சரக்கும் நிறைய. ஒலி நாடகத்தின் பரம்பரை வியாதி ஒன்றும் உண்டு. “அடடே சபேசா! குடையோட வந்திருக்கியே, வெளியே மழையா?” என்கிற ரக வசனம். நம் வானொலி நாடகங்களிலும் கேட்டிருக்கிறீர்கள். சுமாரான பிக் ஃபினிஷில் சபேசனுக்குப் பதில் விண்கலம், அவ்வளவுதான். நல்ல எழுத்தாளர் சொல்லாமல் விடுகிறார். ஷியர்மனின் ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ (2002) முழுக்க ஒரு பெரிய வீட்டின் வேலைக்காரர்கள் பகுதியில் நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. கடிகார ஓசை, காலடி, கதவு. மணி அடிக்கும்போது யாரோ சாகிறார்கள், பிறகு எல்லாம் முதலிலிருந்து. இவ்வளவுதான் சொல்வேன், மிச்சம் நீங்களே கேளுங்கள்.

இந்த நாடகத்தைத்தான் சிதம்பரத்தில் என் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். (பார்த்தீர்களா, ‘காட்டினேன்’ என்றுதான் வருகிறது.) ஆங்கில வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். கிளாக்கோமா வந்து நாலைந்து வருடமாகக் கண் தெரியாது. இயர்ஃபோனில் ஒன்று அவர் காதில், ஒன்று என் காதில். இரண்டாம் பாகத்தில் சட்டென்று என் கையைப் பிடித்தார். “யாரோ நிக்கிறாங்கடா.” எனக்கும் அதே சந்தேகம்தான்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “டிவி ஓடறப்ப நீங்கள்லாம் சிரிச்சப்புறம்தான் எனக்கு விஷயம் தெரியும். என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். இதுல எனக்குத் தெரியாதது உனக்கும் தெரியாது.”

நான் இத்தனை பாரா எழுதிச் சொல்லப் பார்த்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். சிதம்பர ரகசியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். திரையை விலக்கினால் தங்க வில்வ மாலைகள், அதற்குப் பின்னால் வெறும் வெளி. பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயம். ஆகாயத்தின் குணம் ஒலி என்கிறது பழைய தத்துவம். ரேடியோவுக்கு நாம் வைத்த பெயரும் வானொலி. பொருத்தமான ஊரில்தான் மாமா குடியிருக்கிறார்.

நமக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முழுப் படத்தையும் ஒரு மணி நேர ‘ஒலிச்சித்திர’மாகக் கேட்டு அழுத ஜனங்கள் நாம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ வசனம் கேட்டு, தருமியை மனசுக்குள் பார்த்தவர்கள். இன்று செல்போனில் தமிழ்க் கதைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் நான் கேட்டவற்றில் பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார், பின்னால் ஒரு கீபோர்டு. விஞ்ஞானக் கதை என்றால் கிராஃபிக்ஸுக்குப் பணமில்லை என்று கைவிரிக்கிறோம். டாக்டரின் கால யந்திரம் கிளம்பும் அந்தப் பிரசித்தமான சத்தம் எப்படி வந்தது தெரியுமா? பிபிசியின் பிரையன் ஹாட்ஜ்சன், தன் அம்மாவின் வீட்டுச் சாவியால் பழைய பியானோ தந்திகளை வறட் வறட்டென்று தேய்த்தார். செலவு அவ்வளவுதான்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்து, பிற்பாடு தூர்தர்ஷனிலும் வந்தது. ஜீனோ பேசியே பிழைத்த யந்திர நாய். படித்தவர்கள் ஒவ்வொருவர் காதிலும் ஒரு ஜீனோ குரல் இருக்கிறது. அதை நாலைந்து நல்ல நடிகர்களும் ஒரு சாவிக்கொத்தும் வைத்து யாராவது முழு ஒலி நாடகமாகப் போடுங்களேன்.

மாமா அடுத்த தடவை வரும்போது தமிழில் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.